ஆழமாக டிஸ்சார்ஜ் ஆன லிப்போ பேக்கை மீட்க முடியுமா?

கேள்வி இதுதான்: 3எஸ் (மூன்று செல் தொடராக இணைத்தது), 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக், இணைப்பைக் கழற்றாமல் இரண்டு நாள் கிடந்தது. இப்போது சார்ஜர் 'லோ வோல்டேஜ்' காட்டி நின்றுவிடுகிறது. நிக்கல் பேட்டரி மோடில் போட்டு ஏற்றலாமா?

வேண்டாம். லிப்போ செல்லுக்கு உச்சமான 4.2 வோல்ட் எல்லையை நிக்கல் மோட் பார்க்காது. சார்ஜ் முடியும்போது வோல்டேஜ் லேசாக இறங்கும் என்று காத்திருக்கும். லிப்போவில் அந்த இறக்கம் வராது. கண் அசந்தால் ஓவர்சார்ஜ்தான்.

முதலில் பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய வயர்களின் பிளக்) ஒவ்வொரு செல்லையும் தனியாக அளந்து பாருங்கள். மொத்தம் 7.9 வோல்ட் இருக்கும் பேக்கில் இரண்டு செல் 2.9, ஒன்று 2.1 என்று இருக்கலாம். (மீட்டர் முனை பக்கத்துப் பின்னில் பட்டால் ஷார்ட், கவனம்.) 2.5-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். 2-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்திருந்தால், என்னைக் கேட்டால், தொடவே வேண்டாம். அந்த நிலையில் ஆனோடின் (செல்லின் மைனஸ் பக்கம்) செப்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆக்கும். உப்பிய பேக்குக்கும் இதே தீர்ப்பு.

மீட்கத் தக்கது என்றால் பென்ச் பவர் சப்ளைதான் (வோல்டேஜ், கரண்ட் இரண்டையும் நாமே வைக்கக்கூடியது) சரி. 3.2 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டு, பேலன்ஸ் வயர் வழியாக ஒரு நேரத்தில் ஒரு செல்லுக்கு மட்டும் கொடுங்கள். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. எரியாத தரையில், பக்கத்திலேயே இருந்து செய்யுங்கள். வோல்டேஜ் சீக்கிரமே 3-ஐத் தாண்ட வேண்டும். அரை மணி நேரமாகியும் ஏறாவிட்டால் அந்த செல் போய்விட்டது. சூடு தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள்: உள்ளே போவதே 0.3 வாட்தான், அதற்கு செல் சூடாகக் காரணமே இல்லை.

மூன்றும் 3.2-க்கு வந்தபின் சார்ஜரில் லிப்போ பேலன்ஸ் மோட், 1 ஆம்பியர். முழுதாக ஏறியதும் கழற்றி ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி அளங்கள். எல்லா செல்லும் துளி இறங்குவது சகஜம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.05 வோல்ட் கூடுதலாக இறங்கியிருந்தால் அது உள்ளேயே கசிகிறது. அந்தப் பேக்கின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள். தேறியதைக்கூடப் பறக்கும் எதிலும் மாட்டாதீர்கள். உள்தடை கூடியிருக்கும், த்ராட்டில் கொடுத்ததும் வோல்டேஜ் சரிந்துவிடும்.