நல்ல கதையும் நல்ல டிசைனும் இருந்தால் ஒரு பிராண்ட் மக்கள் மனதில் ஒட்டிக்கொள்ளுமா?

சின்னதாக ஒரு தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். கதை சொல்லி, அழகாக டிசைன் செய்தால் வாடிக்கையாளர்கள் மனதளவில் நெருங்கிவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது நிஜமா, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிஜம்தான். ஈரோட்டில் பதினைந்து வருடமாக லேபிள், அட்டைப்பெட்டி, கடைப் பலகை என்று டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். அது நடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தயவுசெய்து கதையை உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். உங்கள் பட்டறையில், அடுப்படியில், கணக்கு நோட்டில் அது ஏற்கெனவே இருக்கும். போய்த் தேடுங்கள். இதை நான் ஒரு தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிற ஒரு அண்ணன் நல்லெண்ணெய்க்கு லேபிள் கேட்டு வந்தார். சின்ன ஊர், சின்னச் செக்கு, அப்பா காலத்துத் தொழில். நான் அவர் செக்கைப் போய்ப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காசு கொடுத்து இணையத்தில் ஒரு பாட்டி படம் வாங்கினேன். சுருக்கம் விழுந்த முகம், மூக்குத்தி, சிரிப்பு. கீழே “பாட்டியின் கைப்பக்குவம், மூன்று தலைமுறைப் பாரம்பரியம்” என்று நாலு வரி. பச்சை, சிவப்பு, தங்க நிறத்தில் பளபளவென்று லேமினேஷன். அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எனக்கும்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி அவர் போன் செய்தார். அன்றைக்குச் சந்தையில் வயதான அம்மா ஒருவர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனுங் தம்பி, இது உங்க அப்பத்தாவுங்களா?” என்று கேட்டிருக்கிறார். இவர், “இல்லீங்கம்மா, சும்மா படந்தானுங்க” என்றிருக்கிறார். அந்த அம்மா எண்ணெயை வாங்கிக்கொண்டுதான் போனாராம். ஆனால், “அவங்க முகம் அப்படியே மாறிப்போச்சு தம்பி. எங்கப்பத்தா படத்துக்குப் பதிலா யாரையோ ஒட்டி வெச்சிருக்கனேன்னு எனக்கே கூசிப்போச்சு” என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள், ஒரு பிராண்ட் எப்படி மனதுக்குள் போகிறது என்று அமுலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமுல் பாப்பா எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் வருவதற்கு இருபது வருடம் முன்பே கதை ஆரம்பித்துவிட்டது. 1946இல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் பால்காரர்கள், சொன்ன விலைக்கு ஊற்ற மாட்டோம் என்று 15 நாள் பாலை நிறுத்தினார்கள். அந்த வருடமே திரிபுவன்தாஸ் படேல் தலைமையில், பின்னால் அமுல் என்று பெயர் பெற்ற கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 1949இல், அந்தச் சங்கத்தை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியன் அங்கே ஆனந்த் ஊருக்கு வந்து சேர்ந்தார். (அவர் சென்னை லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் இன்ஜினியரிங்கும் படித்தவர். நம் ஊரில் இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.) முதலில் பால், சங்கம், கணக்கு, நேரத்துக்குப் பணம். பாப்பா வந்தது 1966இல்.

அவள் பிறந்த விதம் டிசைன் செய்கிற எவருக்கும் பாடம். விளம்பர வேலையை எடுத்தவர் சில்வெஸ்டர் டகுன்யா, வரைந்தவர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ். அன்றைக்கு ஹோர்டிங் என்றால் பெயின்டர் ஏணி வைத்து ஏறி, கையால் வரைய வேண்டும். அடிக்கடி படத்தை மாற்றவும் வேண்டும். அதனால் குறும்புக்காரச் சின்னப் பெண் ஒருத்தி வேண்டும் என்ற குரியன், அவளிடம் கேட்டது இரண்டே விஷயம்: ஒருமுறை பார்த்தால் மறக்கக் கூடாது, எந்தப் பெயின்டரும் சுலபமாக வரைய வேண்டும். வந்தவளைப் பாருங்கள். உருண்டை முகம், பெரிய கண், நீல முடி, சிவப்பு வெள்ளைப் புள்ளிக் கவுன். ஏறக்குறைய அறுபது வருடமாக அவள் மாறவில்லை. அவள் பேசுகிற விஷயம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. கிரிக்கெட், தேர்தல், பெட்ரோல் விலை என்று நாம் டீக்கடையில் பேசுவதையே அவளும் பேசுகிறாள். வெண்ணெயின் சுவையைப் பற்றி மட்டும் அறுபது வருடம் பேசியிருந்தால் யார் நின்று கேட்டிருப்பார்கள்?

அந்தப் பால்காரர்களின் கதையும் சொல்லப்பட்டது, ஆனால் வேறு விதமாக. ஷ்யாம் பெனகல் 1976இல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்குத் தயாரிப்பாளர்கள் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள். ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். படம் வந்ததும் லாரி பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். தங்கள் கதைக்குத் தாங்களே காசு போட்ட மனிதர்கள்! இதைப் படித்தபோது என் பாட்டிப் படம் நினைவுக்கு வந்து உறுத்தியது.

இன்னொன்றும் சொல்கிறேன், டைட்டன் கைக்கடிகாரம். டாடாவும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கியது, தொழிற்சாலை ஓசூரில். மொஸார்ட்டின் 25ஆம் சிம்ஃபனியிலிருந்து எடுத்து அவர்கள் விளம்பரத்தில் போட்ட அந்த இசைத்துண்டைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு யாரோ யாருக்கோ பரிசு கொடுக்கிற காட்சிதான் கண்ணில் வரும். கடிகாரம் மணி பார்க்கத்தானே. அவர்கள் அதை, ஒருவர் இன்னொருவரை நினைத்துக்கொள்கிற பொருளாகக் காட்டினார்கள். நம் வீடுகளில் அது அப்படித்தானே கைமாறுகிறது? மாமனார் மாப்பிள்ளைக்கு, அப்பா பாஸான மகளுக்கு. மக்களிடம் ஏற்கெனவே இருந்த பழக்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, செக்குக்கு வருவோம். இந்த முறை நேரில் போனேன், இரண்டு நாள் இருந்தேன். வாகை மரச் செக்கு. எள்ளைக் கொட்டி ஆட்டும்போது நடுவில் கருப்பட்டி போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் தெருமுனை வரைக்கும் போகிறது. வடித்த எண்ணெயை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளை வேட்டித் துணி கட்டி, நாலைந்து நாள் வெயிலில் வைக்கிறார்கள். மண்டி அடியில் தங்கி, மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்கிறது. அப்புறம் நான் கவனித்தது, அண்ணன் வீட்டு அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் எந்தத் தேதி ஆட்டினது, எந்தக் காட்டு எள்ளு, எத்தனை லிட்டர் வந்தது என்று வருடக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். யாரும் கேட்டு எழுதியதில்லை. அதுதான் அவர்கள் கதை என்று எனக்கு அங்கேயே பட்டது.

புது லேபிளில் பாட்டி இல்லை, பாரம்பரியம் என்ற சொல்லும் இல்லை. ஒல்லியான ஒரு பட்டை. மிச்ச இடமெல்லாம் எண்ணெயின் நிறம் தெரிகிறது, அதைவிட நல்ல தங்க நிறம் எந்த அச்சகத்திலும் கிடைக்காது. பட்டையின் நடுவில் “ஆட்டிய நாள்”, “எள் விளைந்த ஊர்” என்று இரண்டு காலிக் கட்டம். அக்கா தன் கையால் நிரப்ப வேண்டும். முதல் அச்சில் லேமினேஷன் தாளில் பேனா வழுக்கியது, எண்ணெய்க் கை பட்டதும் எழுத்து கலைந்தது. மங்கலான மேட் தாளுக்கு மாறி, பென்சிலில் எழுதிப் பார்த்தோம். பென்சில் எழுத்தை எண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. அதையே வைத்துக்கொண்டோம். எழுதுகிற இடம் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று அக்கா சொன்னதால் பிராண்ட் பெயரைச் சின்னதாக்கினேன். பெயரைச் சின்னதாக்கச் சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

நீங்கள் ஆரம்பிக்க வேண்டிய இடமும் இதேதான். உங்கள் தொழிலில் யாரும் பார்க்காதபோதும் நீங்கள் விடாமல் செய்கிற ஒரு வேலை இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். வாங்குகிறவர் கண்ணில் அது படும்படி டிசைனில் ஒரு இடம் ஒதுக்குங்கள். ஒதுக்கியதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றாதீர்கள். லோகோ, நிறம், எழுத்துரு எல்லாம் அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

போன தை மாதம் அந்த அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போய் மூன்று வாரம் இருந்துவிட்டார். அண்ணன்தான் பாட்டில்களில் தேதி எழுதினார். அந்தச் சந்தையில் ஒரே வாரத்தில் நாலு பேர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எழுத்து மாறியிருக்குதே, அக்கா ஊர்ல இல்லீங்களா? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள்.