ஆறு தாங்குவது 17.3 கிலோ, பங்கு பிரிப்பது எப்படி? டிஎம்டிஎல் கேள்வி பதில்

அமெரிக்காவில் கெட்டுப்போன ஆறுகளுக்கு டிஎம்டிஎல் என்ற மாசு வரம்பு போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஒவ்வொரு ஆலைக்கும்தான் கழிவுநீர் விடும் பெர்மிட்டில் வரம்பு இருக்கிறதே. அப்புறம் எதற்கு டிஎம்டிஎல் என்று தனியாக ஒன்று?

பெர்மிட் வரம்பு முதலில் அந்தத் தொழிலுக்குக் கிடைக்கும் சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்தை வைத்துப் போடப்படுவது. பத்து ஆலையும் அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கலாம். ஆனாலும் ஆறு சிறியதாக இருந்தால் மீன் செத்து மிதக்கும். 1972-ல் வந்த சுத்த நீர்ச் சட்டத்தின் 303(டி) பிரிவு அங்கேதான் வருகிறது. தரம் எட்டாத நீர்நிலைகளை மாநிலம் பட்டியல் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நாளில் எவ்வளவு மாசைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த மொத்த அதிகபட்ச நாள் சுமைதான் டிஎம்டிஎல். மாநிலம் அனுப்புவதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ பார்த்து ஒப்புதல் தரும். நிராகரித்தால் ஈபிஏவே அதைப் போட வேண்டும்.

மாணவி நான். சூத்திரம் பாடத்தில் இருக்கிறது, ஆனால் மனதில் நிற்கவில்லை. ஒரு கணக்கு போட்டுக் காட்ட முடியுமா சார்?

கற்பனை ஆறு ஒன்று எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 2 கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது. பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2 × 0.1 × 86.4 = நாளுக்கு 17.3 கிலோ. (ஒரு நாளின் 86,400 வினாடிதான் அந்த 86.4 ஆக வருகிறது.)

இதில் 10 சதவீதம், அதாவது 1.7 கிலோவை, பாதுகாப்பு விளிம்பாக எடுத்து வைக்கிறோம். மீதி 15.6. மண்ணிலிருந்தும் காட்டிலிருந்தும் இயற்கையாக வருவது 4 கிலோ. அதோடு யாரும் பேரம் பேச முடியாது. ஆக, மனிதர்களுக்கு மிஞ்சுவது 11.6.

இப்போது நடப்பது என்ன? ஊர்க் கழிவுநீர் ஆலை தினம் 30 லட்சம் லிட்டர் விடுகிறது, அதில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் பாஸ்பரஸ். அது 9 கிலோ. வயலும் தெருவும் சேர்ந்து 14 கிலோ. மொத்தம் 23. பாதியை வெட்ட வேண்டும். ஆலையை 1 மில்லிகிராமுக்கு இறக்கினால் 3 கிலோ. வயலுக்கும் தெருவுக்கும் மிச்சம் 8.6. அதாவது அவர்கள் ஐந்தில் இரண்டு பங்கைக் குறைக்க வேண்டும்.

கணக்கு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆலைக்கு 3-தான், 4 கிடையாது என்று சொல்லும் கூட்டம் இருக்கிறதே, அது இரண்டு வருடம் ஓடும்.

பாதுகாப்பு விளிம்பு என்பது "எங்களுக்குச் சரியாகத் தெரியாது" என்பதன் மரியாதையான பெயரா?

ஆமாம். சட்டமே அதைக் கேட்கிறது.

மாசு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? எல்லோரும் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்களே.

கைகாட்டத்தான் செய்வார்கள். முதலில் நீரோட்டத்தையும் மாசையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்ப்போம். மழைவெள்ளம் ஓடும் நாட்களில் மட்டும் வரம்பு மீறினால் வயல், தெரு, கால்நடை என்று சந்தேகம் போகும். தண்ணீர் குறைவாக ஓடும் நாட்களில் மீறினால் ஏதோ ஒன்று ஓயாமல் கசிகிறது என்று அர்த்தம்: ஆலைக் குழாய், பழுதான செப்டிக் டேங்க், திருட்டு இணைப்பு.

எங்கள் பகுதியில் ஓர் ஓடை. மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பாக்டீரியாவின் அளவு 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 126-ஐத் தாண்டக் கூடாது, ஆனால் கோடை முழுக்கத் தாண்டிக்கொண்டே இருந்தது. வாத்துகள்தான் காரணம் என்று ஊரே சொன்னது. வாத்துகளும் நிறைய இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பத்து நாள் மழையே இல்லாத ஒரு மதியம், கரையோரம் நடந்து போனபோது ஒரு மழைநீர்க் குழாயின் வாயில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. கீழே நுரை. சாயம் கலக்காத பஞ்சை அதற்குள் கட்டிவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்து எடுத்துப் புற ஊதா விளக்கில் காட்டினோம். நீலமாக ஒளிர்ந்தது. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் அப்படித்தான் ஒளிரும். ஒரு குடியிருப்பின் சலவை அறையும் கழிப்பறையும் தவறுதலாக மழைநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டிருந்தன. வாத்துகள் மேல் பாதிப் பழிதான்.

"நாள்" சுமை என்பது வெறும் பெயர்தானே? வருடக் கணக்கில் சொன்னால் என்ன?

ஈபிஏவும் அப்படித்தான் நினைத்தது. வாஷிங்டனில் ஓடும் அனகோஸ்டியா ஆற்றுக்கு வருட வரம்பையும் பருவ வரம்பையும் ஏற்றுக்கொண்டது. 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தில் நாள் என்று இருந்தால் நாள்தான் என்று முடித்துவிட்டது. அதிலிருந்து நாள் கணக்கும் எழுதுகிறோம். ஏரி, விரிகுடா மாதிரி மெதுவாக நிறையும் இடங்களுக்கு வருடக் கணக்குதான் அறிவியல்படி பொருந்தும் என்பது என் கருத்து. அதனால் இரண்டையும் எழுதுகிறோம்.

விவசாயிகள் மேல் இந்தச் சட்டத்தால் கை வைக்க முடியுமா?

இந்தத் திட்டத்தின் பலவீனமே இங்கேதான். ஆலைக்குப் பெர்மிட் உண்டு, அதில் எண்ணை எழுதிவிடலாம், மீறினால் அபராதம். வயலிலிருந்து வழிந்தோடும் தண்ணீருக்கு மத்தியச் சட்டத்தில் பெர்மிட்டே கிடையாது. கலிபோர்னியாவின் கார்சியா ஆற்றில் கழிவுக் குழாயே இல்லை. மரம் வெட்டுவதாலும் சாலை போடுவதாலும் வந்த வண்டல்தான் பிரச்சினை. அப்படிப்பட்ட ஆற்றுக்கும் டிஎம்டிஎல் போடலாம் என்று 2002-ல் தீர்ப்பு வந்தது. சரி, போடலாம். அதை நிறைவேற்றுவது மாநிலத்தின் கையில். ஈபிஏ நிதியைக் காட்டி நயமாகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

செசபீக் விரிகுடாவைப் பாருங்கள். 2010 டிசம்பரில் ஆறு மாநிலங்களுக்கும் தலைநகருக்கும் சேர்த்து நைட்ரஜனுக்கு வருடம் 18.59 கோடி பவுண்டு என்று வரம்பு. இருந்ததில் கால் பங்கைக் குறைக்க வேண்டும், கெடு 2025. விவசாயிகள் கூட்டமைப்பு வழக்குப் போட்டு 2015-ல் தோற்றது. ஆனால் களத்தில் என்ன ஆயிற்று? கழிவுநீர் ஆலைகள் தங்கள் பங்கைக் கெடுவுக்குப் பல வருடம் முன்பே முடித்துவிட்டன. 2025-ல் மொத்த இலக்கு எட்டவில்லை, பெரிய மிச்சம் வயல்களிடம்தான். அதற்காக விவசாயியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கரையோரம் முப்பது அடி நிலத்தை மரத்துக்கு விட்டுக் கொடுப்பவருக்கு அந்த நிலத்தின் வருமானத்தை யார் தருவது என்ற கேள்விக்குச் சட்டத்தில் சரியான பதில் இல்லை.

சூட்டுக்குக்கூட வரம்பு போடுவார்களாமே, நிஜமா?

நிஜம். சால்மன் மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஒரேகானில் டுவாலட்டின் ஆற்றில் கழிவுநீரைக் குளிரூட்ட இயந்திரம் வைப்பதற்குப் பதிலாகக் கரையில் மரம் நட்டு நிழலால் ஈடுகட்டலாம் என்று 2004-ல் பெர்மிட்டே கொடுத்தார்கள். எனக்கு மிகப் பிடித்த உதாரணம். மரம் வளர வருடங்கள் ஆகும் என்பதால் தேவையைவிட இரண்டு மடங்கு நிழலுக்கு நட வேண்டும் என்று நிபந்தனை.

வரம்பு "பூஜ்யம்" என்று எங்காவது உண்டா?

லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றில் குப்பைக்கு. நகரங்கள் கொதித்தன, நீதிமன்றம் வரை போயின. கடைசியில் மழைநீர் வடிகால் வாய்களில் 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலைகளைப் பொருத்தினால் நிபந்தனையை நிறைவேற்றியதாகக் கொள்ளலாம் என்று வழி பிறந்தது.

அண்ணா, மழைநீரே வேகமாக ஓடிக் கரையை அரித்தால்? தண்ணீருக்கே வரம்பு போடலாமா?

வர்ஜீனியாவில் அக்கோட்டிங்க் ஓடைக்குப் போட்டுப் பார்த்தார்கள். வண்டலுக்குப் பதிலாக மழைநீர் ஓட்டத்துக்கு வரம்பு. தண்ணீர் ஒரு மாசுப்பொருள் ஆகாது என்று 2013-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நகரத்து ஓடைகளைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த வேகம்தான்.

எந்த ஓடையாவது உங்கள் கண் முன்னால் பட்டியலை விட்டு வெளியே வந்ததா?

முதலில் ஒரு எச்சரிக்கை. டிஎம்டிஎல் ஒப்புதல் ஆனதுமே ஐந்தாம் வகையிலிருந்து (டிஎம்டிஎல் இன்னும் தேவை) 4ஏ வகைக்கு (தரம் எட்டவில்லை, ஆனால் டிஎம்டிஎல் தயார்) மாற்றுவார்கள். அதை "நீக்கம்" என்று செய்தியில் போட்டுவிடுவார்கள். தண்ணீர் நேற்று இருந்தது மாதிரியேதான் இருக்கும்.

நிஜமாகவே தரம் தேறி வந்தது அந்தச் சலவை அறை ஓடை. குழாயை மாற்றி இணைத்த பிறகு இரண்டு கோடையிலும் 126-க்குக் கீழே வந்தது. டிஎம்டிஎல் போட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. நான் எழுதி வைத்திருந்த அறுபது பக்கமும் இன்னும் அந்த மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.