கதைக்கு உரிமை முடிந்தது, படத்துக்கு முடியவில்லை

கேள்வி: ‘பொன்னியின் செல்வ’னைக் கிராஃபிக் நாவலாக வரைந்து வருகிறேன். பாதி முடிந்துவிட்டது. தொடராக வந்த காலத்தில் ஓவியர் மணியம் போட்ட படங்களைப் பார்த்துத்தான் வந்தியத்தேவன், நந்தினி முகங்களை வரைந்தேன். பதிப்பகத்தார் அனுமதிக் கடிதம் கேட்கிறார்கள். யாரிடம் வாங்குவது?

பதில்: நாவலுக்கு யாரிடமும் வாங்க வேண்டாம். கல்கி காலமானது 1954 டிசம்பரில். எழுத்தாளர் மறைந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்ற கணக்குப்படி 2014-ஓடு பதிப்புரிமை முடிந்தது. அதற்கு முன்பே, 1999-இல், தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கிவிட்டது. உரிமை உயிரோடிருக்கும் நாவல் என்றால் இப்படிச் சொல்லமாட்டேன். கதையைப் படங்களாகச் சொல்வதும் தழுவல்தான் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவே சொல்கிறது. ‘ஓவியம் என்னுடையதுதானே’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

எனக்கு உறுத்துவது அந்த முகங்கள். ஓவியத்துக்குத் தனி உரிமை உண்டு, அதுவும் ஓவியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு. மணியம் மறைந்தது 1968-இல். ஆகவே 2028 முடியும்வரை அந்தப் படங்கள் பொதுவுக்கு வராது. உரிமை குடும்பத்திடம் இருக்கிறதா, பத்திரிகையிடமா என்பது அவர் எந்த ஏற்பாட்டில் வரைந்தார் என்பதைப் பொறுத்தது. தேடிப்பிடித்து எழுத்தில் அனுமதி வாங்கலாம். நானாக இருந்தால் முகங்களைத் திருத்தி வரைந்துவிடுவேன். கல்கியின் வர்ணனை இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. 2022-இல் வந்த திரைப்படத்தின் நகை, உடை, முகச்சாயல் பக்கமும் போகாதீர்கள்.

கல்கியின் பெயரை அட்டையில் போடுங்கள். ஆசிரியரின் பெயருக்குக் களங்கம் வரும்படி கதையைச் சிதைத்தால், பதிப்புரிமை முடிந்த பிறகும் 57-ஆம் பிரிவின்படி வாரிசுகள் வழக்குப் போடலாம். சுருக்குவதோ காட்சியை முன்பின் மாற்றுவதோ அந்த அளவுக்குப் போகாது.

பதிப்பக ஒப்பந்தத்தில் ‘எந்த வழக்கு வந்தாலும் நஷ்டம் ஓவியரைச் சேரும்’ என்று ஒரு வரி இருக்கும். அதை உங்கள் படங்களுக்கு மட்டும் என்று சுருக்கச் சொல்லுங்கள். பதிப்பகத்துக்கு எத்தனை ஆண்டுக்கு உரிமை தருகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் இந்தியாவுக்கு. அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டை வைத்துக் கணக்கு. மின்னூல் தளத்தில் ‘உலகம் முழுவதும்’ என்பதை டிக் செய்யுமுன் அந்த ஊர்ச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.