ஐபோன் 16ஈ வாங்கலாமா? மும்பை வாசகர்களுக்கு நுகர்வோர் கேள்வி-பதில்

2025 பிப்ரவரி 19ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 16ஈ என்ற புதுப் போனை அறிவித்தது. 28ஆம் தேதி கடைக்கு வந்தது. அறிமுக விலை: 128 ஜிபி 59,900 ரூபாய், 256 ஜிபி 69,900, 512 ஜிபி 89,900. அறிவிப்பு வந்ததிலிருந்து தாராவி, செம்பூர், டோம்பிவிலி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இதைப் பற்றியே கேட்கிறீர்கள். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

அண்ணாச்சி, நாங்கள் தாராவி 90 அடி சாலைப் பக்கம் வீட்டிலேயே இட்லி அவித்து விற்கிறோம். மகன் மாஸ் மீடியா இரண்டாம் வருடம் படிக்கிறான். வீடியோ எடுக்க இந்தப் புது ஐபோன்தான் வேண்டும் என்கிறான். வட்டியில்லாத் தவணை இருக்கிறதாம், மாதாமாதம் கட்டிவிடலாமாம். வாங்கித் தரலாமா?
— ஒரு தாய், தாராவி

அம்மா, உங்கள் மகன் கேட்பது வெறும் ஆசைக்காக இல்லை, படிப்புக்காகவும்தான். அதனால் அவன் வேலைக்கு இந்தப் போன் பொருந்துமா என்பதை முதலில் பார்ப்போம். பணத்தை அப்புறம் பேசலாம்.

நல்லது நிறைய இருக்கிறது. உள்ளே இருப்பது ஏ18 சிப், அதுதான் போனின் மூளை. அப்போது 79,900 ரூபாய்க்கு விற்ற ஐபோன் 16-லும் அதே தலைமுறை சிப்தான். கிராபிக்ஸ் பகுதியில் மட்டும் ஒரு கோர், அதாவது கணக்கிடும் கூறு, குறைவு. பேட்டரியில் 16ஈ தான் முந்துகிறது. தொடர்ந்து வீடியோ ஓட்டினால் 26 மணி நேரம் தாங்கும் என்று ஆப்பிள் சொல்கிறது, ஐபோன் 16-க்குச் சொல்லும் கணக்கு 22 மணி நேரம். வீடியோவின் தரத்திலும் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, பல வருடம் உழைக்கும். 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர் போனுக்குக்கூட 2024இல் வந்த ஐஓஎஸ் 18 (ஐபோனை இயக்கும் மென்பொருள்) கிடைத்தது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் பையன் இதையே வைத்துக்கொள்ளலாம்.

இனி இல்லாதவை. பின்பக்கம் ஒரே ஒரு கேமராதான். 48 மெகாபிக்சல், நல்ல கேமரா. ஆனால் அகலமாக எடுக்கும் அல்ட்ரா வைட் லென்ஸ் கிடையாது. உங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தோள் உரசிப் போகும் சந்தில் நின்று மொத்தக் காட்சியையும் ஒரு படத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் பின்னால் நகர இடம் இருக்காது. அந்த இடத்தில் கைகொடுப்பது அல்ட்ரா வைட்தான். மாஸ் மீடியா மாணவன் தெருவிலும் வீட்டுக்குள்ளும் கூட்டத்திலும்தான் படம் எடுப்பான். பட்டியலில் ஒரு வரியாகத் தெரியும் இந்தக் குறை அவனுக்குத் தினசரிக் குறை. மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோ படமும் இதில் இல்லை.

அடுத்தது இடம். 4கே வீடியோவை நொடிக்கு 30 பிரேம் வேகத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 எம்பி பிடிக்கும். ஒரு மணி நேரக் காட்சிக்குக் கிட்டத்தட்ட 10 ஜிபி. மெமரி கார்டு போட ஐபோனில் வழி இல்லை. 128 ஜிபியில் ஆப், வாட்ஸ்அப், குடும்பப் படங்கள் எல்லாம் போக மிச்சம் இருப்பது ஒரு செமஸ்டருக்குத் தாங்கினால் பெரிது. சரி, 256 ஜிபி வாங்கலாம் என்றால் அறிமுக விலையே 69,900. அதே 69,900தான் 128 ஜிபி ஐபோன் 15-க்கு அப்போது ஆப்பிள் வைத்திருந்த விலை. கடைகளில் அதைவிடக் குறைத்தும் கிடைத்தது. ஐபோன் 15 பழைய சிப்தான், ஆனால் அதில் அல்ட்ரா வைட் இருக்கிறது. காந்தத்தால் ஒட்டி சார்ஜ் ஆகும் மேக்சேஃப் இருக்கிறது. வெயிலில் அதன் திரை 2,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை பளிச்சிடும். 16ஈ திரையின் வழக்கமான உச்சம் 800 நிட்ஸ். மதிய வெயிலில் வெளியே நின்று படம் எடுக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.

ஐபோன்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் ஒன்பிளஸ் 13ஆர் இருக்கிறது. 2025 ஜனவரியில் 42,999 ரூபாய்க்கு வந்தது. 256 ஜிபி இடம், 6,000 எம்ஏஎச் பேட்டரி, மூன்று கேமரா, பெட்டிக்குள்ளேயே 80 வாட் சார்ஜர். 16ஈ பெட்டியில் கேபிள் மட்டும்தான், அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். வீடியோவில் ஐபோன் ஒரு படி மேலே என்று மகன் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அறிமுக விலைப்படி மிச்சமாகும் பதினேழாயிரத்தில் ஒரு நல்ல மைக்கும் டிரைபாடும் வாங்கிவிடலாம். சத்தம் தெளிவாக இல்லாத வீடியோவை, எந்தப் போனில் எடுத்தாலும், யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. அதை அவனிடம் சொல்லிப் பாருங்கள்.

இப்போது தவணை. வட்டியில்லாத் தவணை என்ற பெயரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி வட்டி போடுகிறது, அந்த அளவுக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடி காட்டுகிறார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது உங்கள் தலையில். வட்டி 4,000 ரூபாய் என்று வையுங்கள், வரி மட்டும் 720. அதோடு செயல்பாட்டுக் கட்டணம், அதற்கும் வரி. மொத்தமாகக் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் கார்டு தள்ளுபடி தவணைக்கு உண்டா என்பதையும் கேட்க வேண்டும். கடையில் மூன்று எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: இன்றே முழுதாகக் கட்டினால் எவ்வளவு, தவணையில் கடைசி ரூபாய் வரை சேர்த்தால் எவ்வளவு, ஒரு மாதம் தவறினால் அபராதம் எவ்வளவு. எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். எனக்கே ஒரு கடையில், நான் கேட்காத கூடுதல் வாரண்டியைத் தவணைக்குள் சேர்த்துவிட்டார்கள். பில்லை வரிவரியாகப் படித்ததால்தான் தெரிந்தது.

என் கருத்தைக் கேட்டால், மழைக்காலத்தில் வியாபாரம் குறையும்போதும் தவறாமல் கட்ட முடிகிற தொகை எதுவோ, அதற்குள் வரும் போன்தான் உங்கள் வீட்டுக்குச் சரி. 128 ஜிபி 16ஈ உங்கள் மகனுக்கு வேண்டாம். ஐபோன் 15 குறைந்த விலையில் கிடைக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 13ஆர்.

ஐயா, ஓய்வு பெற்றவன். 2022இல் வாங்கிய ஐபோன் எஸ்இ வைத்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் சார்ஜ் போய்விடுகிறது. ஹோம் பட்டன் இல்லாத போன் எனக்கு ஒத்துவருமா?
— செம்பூர் வாசகர்

இந்தப் போன் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், உங்களைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் அதன் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 80க்குக் கீழே இருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினாலே போன் பழையபடி ஓடும். புதுப் போன் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ரொம்பக் குறைவு.

அது போதாது, எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் 16ஈ நல்ல மாற்றம். எஸ்இ திரை 4.7 அங்குலம், இது 6.1. பழைய எல்சிடி திரை போய், கருப்பும் நிறங்களும் இன்னும் தெளிவாகத் தெரியும் ஓஎல்இடி திரை வந்திருக்கிறது. எடை 144 கிராமிலிருந்து 167 ஆகிறது, சட்டைப் பையில் கொஞ்சம் தெரியும். ஐபோன் 15-ஐ விட இதன் திரைக்கு வெளிச்சம் குறைவு என்று மேலே எழுதினேன். உங்கள் எஸ்இ திரை 625 நிட்ஸ்தான், அதனால் உங்களுக்கு இது ஏற்றமே.

ஹோம் பட்டன் போவது கஷ்டம்தான், முதல் ஒரு வாரம் விரல் அதைத் தேடும். கைரேகைக்குப் பதில் முகத்தைக் காட்டித் திறக்க வேண்டும். ஒன்று சொல்கிறேன்: வயதாக ஆக விரல் நுனி தேய்ந்தும் வறண்டும் போய் கைரேகை எடுபடாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முக அடையாளம் பெரிய நிம்மதி. பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் 2023இல் திறந்த ஆப்பிள் கடை இருக்கிறது. ஒரு நாள் போய் அரை மணி நேரம் கையில் வைத்துப் பழகுங்கள், வாங்கச் சொல்லி யாரும் நெருக்க மாட்டார்கள். 16ஈ வந்ததும் எஸ்இ-யை ஆப்பிள் நிறுத்திவிட்டது, அதனால் ஹோம் பட்டனோடு புது ஐபோன் இனி கம்பெனியிடம் கிடைக்காது.

இதில் ஏஐ வசதி இருக்கிறதாமே, தமிழில் பேசினால் எழுதித் தருமா?
— மாட்டுங்கா

ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் இதில் உண்டு, ஆனால் 2025இல் போன் வந்தபோது தமிழ் அதில் இல்லை. அப்போது ஆங்கிலத்தில்தான் இயங்கியது, இந்திய ஆங்கிலம் 2025 ஏப்ரலில் வரும் என்று அறிவித்திருந்தார்கள். தமிழில் தட்டச்சு செய்யவும் படிக்கவும் தடை எதுவும் இல்லை, ஆனால் ஏஐக்காகவே இதை வாங்க நினைத்தால் காத்திருங்கள்.

சார், தினமும் டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி போய் வருகிறேன். லோக்கல் ரயிலில் இரண்டு முறை போன் பறிபோய்விட்டது. 16ஈ-யில் பாதுகாப்பு எப்படி? ரயிலில் சிக்னல் கிடைக்குமா?
— ஒரு வாசகி

இரண்டு முறை என்றால் எவ்வளவு மனவேதனை என்று புரிகிறது, அம்மா. அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளோடு அந்தக் கூட்டத்தில் ஏறுகிறீர்கள் என்றால் வாங்கிய அன்றே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள்.

திருட்டுக்கு எதிரான பாதுகாப்பு என்று செட்டிங்ஸில் ஒன்று இருக்கிறது, ஐஓஎஸ் 17.3 முதல் வருகிறது. அதைப் போட்டுவிட்டால், வீடு, ஆபீஸ் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் முகத்தைக் காட்டி ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி காட்ட வேண்டும். பக்கத்தில் நின்று நீங்கள் தட்டும் ரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் போனைப் பறிப்பவர்களுக்கு இது பெரிய தடை. அடுத்தது, *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்களை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்களை, ஒரு காகிதத்தில் எழுதி பில்லோடு வீட்டில் வையுங்கள். போன் போனால் ரயில்வே போலீஸில் புகார் கொடுத்து, உங்கள் பழைய செல் எண்ணிலேயே புது சிம் வாங்கி, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், தொலைந்த போனை முடக்கும் சிஇஐஆர் பகுதியில் அந்த ஐஎம்இஐ எண்களைக் கொடுத்தால் நாடு முழுவதும் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் இயங்காதபடி முடக்கிவிடுவார்கள். வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் அதே நிமிடம் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள்.

16ஈ-யில் ஒரு குறை உங்களுக்குப் பொருந்தும். பொருள் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று துல்லியமாகக் காட்டும் அல்ட்ரா வைட்பேண்ட் சிப் இல்லை. பையில் ஏர்டேக் (பொருளைத் தேட உதவும் ஆப்பிளின் சின்ன வில்லை) போட்டிருந்தால் வரைபடத்தில் இடம் தெரியும், ஆனால் இத்தனை அடி தூரத்தில், இந்தப் பக்கம் என்று அம்புக்குறி காட்டாது.

சிக்னல் விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். சிக்னலைக் கையாளும் பாகம் மோடம். இதில் இருக்கும் சி1 ஆப்பிள் தானே வடிவமைத்த முதல் மோடம். இதற்கு முன் சில வருடங்களாக ஐபோன்களில் குவால்காம் நிறுவனத்தின் மோடம் இருந்தது. பேட்டரி சேமிப்பில் இது கெட்டி என்று ஆப்பிள் சொல்கிறது. ஓடும் ரயிலில் டவர் விட்டு டவர் தாவும்போது எப்படி என்பதை நம் ஊர்க்காரர்கள் பயன்படுத்திச் சொல்லட்டும். தெரிந்தவர் யாராவது வாங்கினால் தாணே, முல்லுண்டு தாண்டும்போது ஒரு போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள். ஒரு மாதம் தள்ளி வாங்குவதால் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

பில் இல்லாமல் எடுத்தால் மூவாயிரம் குறைத்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
— சயான் கோலிவாடா

எடுக்காதீர்கள். போன் தொலைந்து ஐஎம்இஐ முடக்கப் போனாலும், பழுதாகி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். வேறொருவர் கையிலிருந்து வந்த போனாக இருந்தால் KYM என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது முடக்கப்பட்ட போனா என்பது பதிலில் தெரியும். பில் கேட்டும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.