ரெய்டு 5 நாஸில் இரண்டு டிஸ்க் போய்விட்டதாகக் காட்டுகிறது. உள்ளே இருப்பதை மீட்க முடியுமா?

நான்கு டிஸ்க் போட்ட வீட்டு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி), ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் மீதியிலிருந்து தரவை வரவழைக்கும் அமைப்பு). ஒரு டிஸ்க் பழுதாகிப் புதியது மாட்டினீர்கள். புதியதில் தரவை மறுபடி நிரப்பும் ரீபில்ட் பாதியில் நின்று, இரண்டாவதும் போய்விட்டதாகக் காட்டுகிறது. எந்த மென்பொருள் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருள் பிறகு. பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை முறையாக அணைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். ‘ரிப்பேர்’, ‘இனிஷியலைஸ்’, ‘புதிய வால்யூம்’ என்று எந்தப் பொத்தான் கண்ணில் பட்டாலும் அமுக்காதீர்கள். டிஸ்குகளைக் கழற்றும் முன் எது எந்த இடத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டுங்கள். முதலில் கழற்றிய பழைய டிஸ்கைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். வாரண்டிக்கு இப்போதைக்கு அனுப்பவும் வேண்டாம்.

மீட்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். உங்கள் டிஸ்குகளை நான் பார்க்கவில்லை, அதனால் உறுதி தர மாட்டேன். ஆனால் இரண்டு டிஸ்க் போய்விட்டது என்று பெட்டி சொல்வது வேறு, இரண்டு டிஸ்க் நிஜமாகவே செத்துப்போவது வேறு.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் “ரெய்டு என்பது பேக்கப் இல்லை, இதுகூடத் தெரியாதா” என்று நாலு பேர் வருவார்கள். தெரியும் ஐயா. தெரிந்தவன் வீட்டிலும் டிஸ்க் போகத்தான் செய்கிறது. அவர் கேட்டது அதுவல்ல. தரவு கைக்கு வந்த பிறகு அந்தப் பாடத்தை நடத்திக்கொள்ளுங்கள். எனக்கு இது நடந்தபோது ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைப்பதற்குள் இந்தப் பாடம் எத்தனை பேரிடமிருந்து கிடைத்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இத்தனைக்கும் என் வேலைக் கோப்புகளுக்குத் தனியாக நகல் இருந்தது. இல்லாதது குடும்ப வீடியோக்களுக்குத்தான், அவ்வளவு இடத்துக்கு இன்னொரு நகல் வைப்பது எல்லோராலும் முடிகிற காரியமா என்ன?

என்னுடையதும் நான்கு டிஸ்க், ரெய்டு 5. ஒன்று விழுந்தது, பெட்டி பீப் அடித்தது. மாற்று டிஸ்க் வந்து சேரும்வரை பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, வீட்டில் எல்லோரும் அதில் எழுதிக்கொண்டும் இருந்தார்கள். இந்த விவரத்தை நினைவில் வையுங்கள். புதியதை மாட்டியதும் ரீபில்ட் தொடங்கியது. நடுவில் இன்னொரு டிஸ்கில் படிக்க முடியாத செக்டர் (டிஸ்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) வந்தது. பெட்டி அந்த டிஸ்கையும் வெளியே தள்ளிவிட்டு ‘வால்யூம் க்ராஷ்டு’ என்று சிவப்பில் போட்டது.

பெட்டி செய்த நிறுவனத்தின் உதவி மையத்தைக் கேட்டேன். சிஸ்டத்தைப் புதுப்பித்துவிட்டு வால்யூமைப் புதிதாக உருவாக்குங்கள் என்றார் ஒருவர். உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டதற்கு, அது அழிந்துவிடும், பேக்கப் இருக்கிறதல்லவா என்றார். தரவு மீட்பதாகப் பலகை வைத்திருந்த ஒருவர் டிஸ்கைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ரெய்டு 5இல் இரண்டு போனால் கணக்குப்படியே முடியாது என்றார். கணக்கு சரிதான். நான்கில் ஒன்று இல்லாவிட்டால் மீதி மூன்றையும் எக்ஸ்ஆர் என்ற பிட் கணக்கில் சேர்த்து அதை வரவழைக்கலாம், இரண்டு இல்லாவிட்டால் வராது. ஆனால் இரண்டாவது டிஸ்க் இல்லாமல் போகவில்லையே! அதில் ஒரு சில செக்டர்கள்தானே படிக்கவில்லை? இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு இன்னும் தீரவில்லை.

பெட்டி ஒரு நல்ல டிஸ்கை ஏன் வெளியே தள்ளுகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டர் படிக்காவிட்டால் விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப முயலும், அது ஒரு நிமிடத்தையும் தாண்டலாம். லினக்ஸ் ஒரு கட்டளைக்குக் காத்திருப்பது வழக்கமாக 30 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்கை ரீசெட் செய்யும், கடைசியில் ரெய்டு அதைக் கழற்றிவிடும். நாஸுக்கென்று வரும் டிஸ்குகள் சுமார் 7 விநாடியில் முயற்சியைக் கைவிட்டு ‘படிக்கவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும், உடனே மற்ற டிஸ்குகளிலிருந்து ரெய்டு அதைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஏற்கனவே ஒரு டிஸ்க் இல்லாதபோது அப்படிக் கணக்கிடவும் வழியில்லை. ஆக, அந்த ஒரு செக்டருக்காக முழு டிஸ்கும் தண்டனை அனுபவிக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். இடம் மாற்றிய செக்டர், சந்தேகத்தில் நிற்கும் செக்டர், படிக்கவே முடியாத செக்டர் ஆகியவற்றின் எண்ணிக்கை அங்கே தெரியும். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்கை விட்டுவிட்டுக் கேபிளையோ மாட்டும் இடத்தையோ சந்தேகப்படுங்கள்.

பெரும்பாலான வீட்டு நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸோடு வரும் எம்டி ரெய்டு என்ற மென்பொருள். சினாலஜி, க்யூநேப் இரண்டிலும் வழக்கமாக அதுதான். நான் எழுதுவதும் அதற்கு மட்டுமே. ஜெட்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு அமைப்பு என்றால் இந்தப் பதிலை மூடிவிடுங்கள், அதன் வழி வேறு.

எம்டி ரெய்டில் ஒவ்வொரு டிஸ்கிலும் சூப்பர்பிளாக் என்று ஒரு குறிப்பு இருக்கும். எம்டி ரெய்டை இயக்கும் எம்டிஏடிஎம் கருவியின் ‘எக்ஸாமின்’ கட்டளை அதை வாசித்துக் காட்டும், எதையும் எழுதாது. அதில் டிஸ்கின் வரிசை, சங்க் அளவு (தரவை டிஸ்குகளுக்குப் பிரித்துப் போடும் துண்டின் அளவு), தரவு தொடங்கும் இடம், கடைசியாகப் புதுப்பித்த நேரம் எல்லாம் இருக்கும். கூடவே ‘ஈவென்ட்ஸ்’ என்று ஓர் எண். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் ரெய்டுக்குள் இருக்கும் டிஸ்குகளில் அது ஏறிக்கொண்டே போகும், வெளியே போன டிஸ்கில் அப்படியே நின்றுவிடும். எனக்கு இரண்டு டிஸ்கில் ஒரே எண் இருந்தது. ரீபில்டின்போது விழுந்ததில் அதைவிடச் சொற்பமே குறைவு. முதலில் விழுந்ததில் ஆயிரக்கணக்கில் குறைவு. புதிய டிஸ்க் பாதி நிரம்பியது, அதைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது.

இங்கேதான் நிறைய பேர் தரவை இழக்கிறார்கள் என்பது என் கருத்து. ரீபில்டில் விழுந்த டிஸ்கில் கெட்ட செக்டர் இருக்கிறது, முதலில் விழுந்தது ஸ்மார்ட்டில் சுத்தமாகத் தெரிகிறது என்று அந்தப் பழையதைச் சேர்த்துவிடுவார்கள். அது விழுந்த பிறகு எழுதப்பட்ட எதுவும் அதில் இல்லை. அதைச் சேர்ப்பது போன வருடக் கணக்கு நோட்டின் பக்கங்களை இந்த வருட நோட்டில் வைத்துத் தைப்பது மாதிரி. கோப்புப் பெயர்கள் வரும், திறந்தால் உள்ளே குப்பை. அதன்மேல் கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டினால் மிச்சமும் போய்விடும். உடம்பு சரியில்லாவிட்டாலும் கடைசியாக விழுந்த டிஸ்க்தான் உங்களுக்கு வேண்டும்.

உடம்பு சரியில்லாததால்தான் முதலில் நகல். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது. முதல் சுற்றில் சுலபமாகப் படிப்பதையெல்லாம் எடுத்துவிடும், அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். எங்கே விட்டோம் என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்திவிட்டு, டிஸ்க் ஆறிய பிறகு தொடரலாம். அந்த மேப் கோப்பைத் தொலைக்காதீர்கள். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிடாதபடி ஒவ்வொரு முறையும் சீரியல் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்குகளை ஒவ்வொன்றாக மாட்டுவது நல்லது. எல்லாவற்றையும் சேர்த்து மாட்டினால் சில லினக்ஸ் அமைப்புகள் உதவுவதாக நினைத்துக்கொண்டு ரெய்டைத் தானே கூட்டிவிடும். மூன்று டிஸ்கையும் நகலெடுக்க அதே அளவு இடம் வேண்டும், மீட்டதை வைக்க வேறு இடமும் வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்கப் பார்த்துத்தான் பலர் மூல டிஸ்கிலேயே விளையாடுகிறார்கள். கடன் வாங்கியாவது டிஸ்க் தேடுங்கள் என்பேன். என் டிஸ்கில் கடைசியில் படிக்காமல் நின்றது சில கிலோபைட்தான்.

அப்புறம் நடந்தது சப்பென்று இருக்கும். நகல்களை மட்டும் மாட்டி, எம்டிஏடிஎம்மில் ‘அசெம்பிள்’, கூடவே ‘ஃபோர்ஸ்’. பின்தங்கிய டிஸ்கின் ஈவென்ட்ஸ் எண்ணை அது சரிக்கட்டி, மூன்றை வைத்தே ரெய்டை எழுப்பியது. முழு டிஸ்கைக் காட்டினால் எதுவும் தெரியாது. பல பெட்டிகளில் ஒவ்வொரு டிஸ்கிலும் முதலில் சிறிய சிஸ்டம் பகுதி, அடுத்து ஸ்வாப், அதற்குப் பிறகுதான் தரவுப் பகுதி இருக்கும். அதற்கு மேல் எல்விஎம் (இடத்தைப் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு அடுக்கு) இருந்தால் அதையும் எழுப்ப வேண்டும். மவுன்ட் செய்யும்போது, அதாவது கோப்புகளைப் பார்க்க இணைக்கும்போது, ‘படிக்க மட்டும்’ என்று சொன்னால் போதாது, இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு அப்போதும் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் குறிப்பை) டிஸ்கில் எழுதப் பார்க்கும். ‘நோலோட்’ சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்புகள் எல்லாம் வந்தன. ஓரிரு வீடியோக்களில் நடுவே ஒரு நொடி பச்சைக் கட்டங்கள் தெரியும், அவ்வளவுதான்.

ரெய்டைப் புதிதாக உருவாக்கும் ‘கிரியேட்’ கட்டளையை யாராவது பரிந்துரைத்தால் ஓடிவிடுங்கள். வரிசை சரியாக இருந்தாலும், எம்டிஏடிஎம்மின் பதிப்புக்குப் பதிப்பு தரவு தொடங்கும் இடத்தின் இயல்பு மதிப்பு மாறியிருக்கிறது. பழைய சூப்பர்பிளாக்கும் அதோடு போய்விடும். தெரிந்தவர்கள் செய்வதுண்டு, அவர்கள் என்னைத் திட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்ட மென்பொருள்: யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர், ஆர்-ஸ்டுடியோ இரண்டும் நகல்களிலிருந்து ரெய்டைக் கூட்டி உள்ளே இருப்பதைக் காட்டும். கட்டளை வரிக்குப் பயந்தால் அவை நல்லவை. நகல் எடுக்கும் வேலையிலிருந்து மட்டும் தப்ப முடியாது. டிஸ்க் க்ளிக் க்ளிக் என்று தட்டினாலோ, சுழலவே இல்லை என்றாலோ இதெல்லாம் வேண்டாம், சுத்த அறை வைத்திருக்கும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பதைக் கேட்காதீர்கள், ஈரம் கோர்த்து இருப்பதும் போகும்.

சொல்ல வந்ததை விட்டு விலகுகிறேன், மன்னியுங்கள். இத்தனை பாடுபட்டு மீட்ட படங்களை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. சித்தப்பா ஒருவர் மட்டும் தன் பழைய படம் ஒன்றைக் கேட்டார். முழு அளவில் அனுப்பினேன். அவர் அதைக் குடும்பக் குழுவில் போட்டு, அது சுருங்கி மங்கலானதும் “நீ மீட்டதில் தரம் போய்விட்டதே” என்றார். அந்தச் செயலிகள் படத்தை நசுக்கித்தான் அனுப்பும் என்று எத்தனை முறை விளக்குவது? மூலப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டு, நசுங்கியதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தா என்று கேட்பவர்களுக்கு யார் ரெய்டு போட்டுக் காப்பாற்றுவது?

சரி. ரெய்டு 5 செத்த தொழில்நுட்பம், 12 டிபி படித்தால் ஒரு பிழை நிச்சயம் என்றும் சிலர் வருவார்கள். 10^14 பிட்டுக்கு ஒரு பிழை என்று பல டிஸ்குகளின் விவரத்தாளில் இருப்பது உண்மை, அது 12.5 டிபி. ஆனால் அது இதற்குமேல் போகாது என்று சொல்லும் வரம்பு, அத்தனை படித்ததும் மணியடித்தாற்போல் பிழை வராது. பல மாதம் யாரும் படிக்காத மூலையில் கெட்டுக் கிடந்த செக்டர் ரீபில்டின்போதுதான் வெளியே வருகிறது. டெபியன் மாதத்தின் முதல் ஞாயிறு ரெய்டு முழுவதையும் படித்துப் பார்ப்பது இதற்காகத்தான். உங்கள் பெட்டியில் அதற்கு ‘ஸ்க்ரப்’ என்று பெயர் இருக்கலாம்.

முதலில் விழுந்த பழைய டிஸ்க் உட்பட நான்கிலும் ‘எக்ஸாமின்’ ஓட்டி, ஈவென்ட்ஸ் எண், கடைசிப் புதுப்பிப்பு நேரம், டிஸ்கின் வரிசை மூன்றையும் கேள்வியில் சேருங்கள். சீரியல் எண்ணை மறைத்துவிடுங்கள். எதை விட்டுவிட்டு எந்த மூன்றை நகலெடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.