சொல்லப்படாத ஒரு சொல்

கேள்வி: 2013இல் எகிப்து ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகும் அமெரிக்கா ஏன் உதவியை உடனே நிறுத்தவில்லை?

பதில்: தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை ராணுவம் கவிழ்த்தால் உதவி கிடையாது என்பது அமெரிக்கச் சட்டம். எகிப்துக்கு ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி போய்க்கொண்டிருந்தது. ஜூலை 3 அன்று ராணுவத் தலைவர் சிசி, தேர்தலில் வென்று அதிபரான மொர்சியை அகற்றினார். அதை ராணுவக் கவிழ்ப்பு என்று சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யவே போவதில்லை என்றது ஒபாமா அரசு. அந்தச் சொல்லை உச்சரித்திருந்தால் சட்டம் பாய்ந்திருக்கும். இஸ்ரேலுடன் எகிப்து செய்துகொண்ட 1979 அமைதி உடன்படிக்கையும் சூயஸ் கால்வாயும் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டன.

ஆகஸ்ட் 14 அன்று, மொர்சியின் ஆதரவாளர்கள் திரண்டிருந்த கெய்ரோவின் ரபா சதுக்கத்தில் எகிப்துப் படையினரால் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு பதிவு செய்திருக்கிறது. ஒரே பகலில்! அக்டோபரில்தான் எஃப்-16 போர் விமானங்கள் உள்ளிட்ட தளவாடங்களை அமெரிக்கா நிறுத்திவைத்தது. 2015இல் அந்தத் தடையும் நீங்கியது.

மொர்சியின் ஆட்சி எனக்கு உவப்பானதல்ல. தன் ஆணைகளை நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடாது என்று 2012 நவம்பரில் அறிவித்தவர் அவர். ஆனால் அவரை இறக்கும் உரிமை வாக்காளர்களுக்கே இருந்தது. 2019 ஜூனில், நீதிமன்றத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசி முடித்த சிறிது நேரத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார்.