ஹீ கோஸா, ஹீ கோவா? எல்லையோர வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வாளையாறு, செங்கோட்டை, ஆந்திரப் பக்கம் சித்தூர், நகரி என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஊர் வேறாக இருந்தாலும் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: ஆங்கில இலக்கணத்தில் சப்ஜங்டிவ் எனப்படும் வினை வடிவம். பெயரைக் கேட்டே பலர் பயப்படுகிறார்கள், ஆனால் படிக்க வேண்டியது கொஞ்சம்தான். நடந்ததையும் நடப்பதையும் சொல்லும்போது வினைச்சொல் ஒரு மாதிரி வரும். இப்படி நடக்க வேண்டும் என்று கேட்கும்போதும், இல்லாததை இருப்பதாக வைத்துப் பேசும்போதும் வேறு மாதிரி வரும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், இந்த விஷயத்தில் கண்ணைவிடக் காது சீக்கிரம் பழகும்.

கேரள பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். ‘இஃப் ஐ வேர் யூ’ மட்டும்தான் சரி என்கிறது கைடு. ஆங்கிலப் படங்களில் ‘இஃப் ஐ வாஸ்’ என்றும் பேசுகிறார்களே, எதை நம்புவது? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

தேர்வில் யோசிக்கவே வேண்டாம், ‘வேர்’ போடுங்கள். பேச்சில் ‘இஃப் ஐ வாஸ் ரிச்’ என்று ஆங்கிலேயர்களே சொல்வார்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ‘இஃப் ஐ வேர் யூ’ என்ற தொடர் மட்டும் அப்படியே உறைந்துபோனது. அதில் ‘வாஸ்’ போட்டால் காதில் இடறும்.

‘ஐ’ ஒருமை, ‘வேர்’ பன்மை, இரண்டும் எப்படி ஒட்டும் என்று வகுப்பில் கேட்பார்கள். இந்த ‘வேர்’ பன்மையே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இல்லாததைச் சொல்வதற்கென்று வினைக்குத் தனி விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து, மற்ற எல்லா வினைகளிலும் சாதாரண இறந்தகால வடிவத்தோடு ஒன்றாகிவிட்டன. ‘பீ’ என்ற ஒரு வினையில் மட்டும் பழைய வேறுபாடு பிழைத்துக் கிடக்கிறது. அதனால்தான் ‘இஃப் ஐ ஹேட் மணி’ என்றால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, ‘இஃப் ஐ வேர்’ என்றால் மட்டும் வருகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. இந்த விதியைப் படித்த கையோடு, ‘இஃப்’ கண்ட இடத்திலெல்லாம் ‘வேர்’ போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ‘இஃப் ஹீ வாஸ் அட் ஹோம் எஸ்டர்டே, ஹீ மஸ்ட் ஹேவ் ஹர்ட் த நாய்ஸ்’ என்ற வாக்கியத்தில் ‘வாஸ்’தான் சரி. அவர் நேற்று வீட்டில் இருந்திருக்கலாம், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். ‘ஷீ ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ஃப்ரம் பாலக்காடு’ என்பதிலும் ‘வாஸ்’தான், அங்கே ‘இஃப்’ வெறும் கேள்வியைக் கொண்டுவருகிறது.

தமிழில் சொல்லிப் பாருங்கள், பிடிபடும். ‘நான் கலெக்டராக இருந்தால்’ என்று சொல்லும்போதே நான் கலெக்டர் இல்லை என்பது தெரிகிறது, அங்கே ‘வேர்’. ‘அவன் வீட்டில் இருந்தான் என்றால்’, ‘இருந்தானா என்று’ என வந்தால் ‘வாஸ்’. ‘ஹீ டாக்ஸ் அஸ் இஃப் ஹீ வேர் த கலெக்டர்’ என்ற வாக்கியமும் முதல் கணக்கில்தான் சேரும். இந்த ஆள் எல்லா ஆபீஸிலும் இருப்பார்.

கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் ‘த கமிட்டி ரெசால்வ்ட் தட் த லோன் இஸ் சாங்ஷண்ட்’ என்று எழுதினேன். செயலாளர் ‘இஸ்’ஸை அடித்து ‘பீ’ போட்டார். ‘லோன் பீ’ என்று ஒரு ஆங்கிலம் உண்டா? (வாசகர், கோபாலபுரம்)

உண்டு. செயலாளருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மக்களவையில் ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்கு விடும்போது அவைத்தலைவர் ஆங்கிலத்தில் வைக்கும் கேள்வி ‘தட் த பில் பீ பாஸ்ட்’ என்றுதான் இருக்கும். ‘இஸ் பாஸ்ட்’ என்றால் மசோதா நிறைவேறிவிட்டது என்று அர்த்தமாகிவிடும்; அவர் கேட்பது நிறைவேற்றலாமா என்று. உங்கள் சங்கத்திலும் அதே கதைதான். ‘லோன் பீ சாங்ஷண்ட்’ என்றால் கடன் வழங்கப்பட வேண்டும் என்ற முடிவு.

என்னைக் கேட்டால், சப்ஜங்டிவில் உருப்படியாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். ‘வேர்’, ‘வாஸ்’ சண்டையெல்லாம் இதற்கு அப்புறம். ரெசால்வ், ரெகமெண்ட், சஜெஸ்ட், ப்ரொபோஸ், டிமாண்ட், ரிக்வெஸ்ட், இன்சிஸ்ட் போன்ற வினைகளுக்குப் பிறகு ‘தட்’ வந்து, அடுத்து வருவது நடக்க வேண்டிய காரியமாக இருந்தால், வினையை எந்த விகுதியும் இல்லாமல் மொட்டையாக வையுங்கள். ‘த கமிட்டி ரெகமெண்ட்ஸ் தட் ஹீ பே த ஃபைன்’ என்பதில் ‘பேஸ்’ வராது. தீர்மானம் போன வருஷத்தது என்றாலும் ‘ரெகமெண்டட் தட் ஹீ பே’ என்றுதான் வரும், ‘பெய்ட்’ வராது. எதிர்மறையில் ‘டஸ் நாட்’ கிடையாது, ‘நாட்’ மட்டும் முன்னால் நிற்கும்: ‘தட் ஹீ நாட் பீ அலவ்ட்’. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. ‘இட் இஸ் எஸென்ஷியல் தட் ஈச் மெம்பர் சைன் த ரெஜிஸ்டர்’ என்பது போல எஸென்ஷியல், இம்பார்ட்டண்ட், நெசஸரி முதலியவற்றுக்கும் இதே முறை.

மொட்டை வினை பிடிக்கவில்லையென்றால் ‘ஷுட்’ சேர்த்துக்கொள்ளலாம்: ‘தட் த லோன் ஷுட் பீ சாங்ஷண்ட்’. இது பிரிட்டன் வழக்கம். அங்கே மொட்டை வடிவம் ஏறக்குறைய வழக்கொழிந்து கிடந்தது, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தின் செல்வாக்கால் மறுபடி தலைதூக்கியது. அமெரிக்காவில் அது விட்டுப்போகவே இல்லை. பழைய அமெரிக்க எழுத்தில் இன்னும் தாராளம்: 1787-ல் எழுதிய அவர்களுடைய அரசியல் சட்டம், குடியரசுத் தலைவர் பதவியேற்பதற்கு முன் எடுக்க வேண்டிய உறுதிமொழியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ‘பிஃபோர் ஹீ என்டர்’ என்கிறது, ‘என்டர்ஸ்’ என்று அல்ல. இன்று அந்த இடத்தில் அமெரிக்கர்களே ‘என்டர்ஸ்’தான் போடுவார்கள். ‘பிஃபோர்’ பின்னால் மொட்டை வினை இப்போது வழக்கில் இல்லை, நீங்கள் அதை முயற்சி செய்ய வேண்டாம்.

நர்ஸாக இருக்கிறேன், வெளிநாட்டு வேலைக்கு ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். பயிற்சிக் கடிதத்தில் ‘த டாக்டர் இன்சிஸ்டெட் தட் த பேஷண்ட் டுக் த டேப்லெட்’ என்று எழுதினேன். அர்த்தமே மாறிவிட்டது என்று திருப்பித் தந்தார்கள். டாக்டர் சொன்னது இறந்தகாலம் என்பதால்தானே ‘டுக்’ போட்டேன்? (வாசகி, சித்தூர்)

வேலூர் ரோடு என்று முகவரியில் இருந்ததால் ஆந்திரச் சித்தூர் என்று புரிந்துகொண்டேன். இல்லையென்றால் பாலக்காட்டுச் சித்தூர் என்றே நினைத்திருப்பேன்.

திருப்பித் தந்தவர்கள் சொன்னது சரி. ‘இன்சிஸ்ட்’ இரண்டு வேலை செய்யும் வினை. ஒன்று, ‘அப்படித்தான் நடந்தது’ என்று அடித்துச் சொல்வது. மற்றது, ‘அப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று வற்புறுத்துவது. இரண்டில் எது என்பதைப் பின்னால் வரும் வினைதான் காட்டிக்கொடுக்கும். ‘இன்சிஸ்டெட் தட் த பேஷண்ட் டுக்’ என்றால், நோயாளி மாத்திரையைப் போட்டுக்கொண்டார் என்று டாக்டர் சாதிக்கிறார். ‘டேக்’ என்றால், போட்டே ஆக வேண்டும் என்கிறார். கடிதத்தைப் படிக்கும் அடுத்த வார்டு நர்ஸ், மாத்திரை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று நினைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

‘சஜெஸ்ட்’டும் இப்படித்தான். ‘த ரிப்போர்ட்ஸ் சஜெஸ்ட் தட் ஹீ ஹேஸ் டயபெட்டிஸ்’ என்றால் சர்க்கரை இருப்பதாகத் தெரிகிறது என்பது பொருள். இங்கே ‘ஹேவ்’ போட்டால், அவருக்குச் சர்க்கரை வரட்டும் என்று ரிப்போர்ட் சிபாரிசு செய்வதாகிவிடும்! ‘ஐ சஜெஸ்ட் தட் ஹீ ஹேவ் எ ப்ளட் டெஸ்ட்’ என்பதில் ‘ஹேவ்’ சரி, அது எடுக்க வேண்டிய பரிசோதனை.

இன்னொரு பொறி. ‘என்ஷூர்’, ‘மேக் ஷூர்’ இரண்டும் உத்தரவு மாதிரிதான் தோன்றும், ஆனால் அவற்றுக்குப் பிறகு சாதாரண வினைதான்: ‘ப்ளீஸ் என்ஷூர் தட் ஹீ டேக்ஸ் ஹிஸ் இன்சுலின்’. தேர்வு அவசரத்தில் எது எதற்கு என்று குழம்பினால் ‘தட்’டையே தவிர்த்துவிடுங்கள். ‘ஹீ வாஸ் அட்வைஸ்ட் டு டேக் த டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்’ என்று எழுதினால் தப்பு செய்யவே வழியில்லை. நோயாளியைப் பற்றிய கடிதத்தில் அழகைவிடத் தெளிவு முக்கியம்.

குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். ‘ப்ளீஸ் சஜெஸ்ட் மீ எ குட் ரூம்’ என்றே எல்லாரும் மெசேஜ் போடுகிறார்கள். இது சரியான ஆங்கிலமா?

இல்லை. ‘சஜெஸ்ட்’ பின்னால் ‘மீ’ நேராக வராது, ‘சஜெஸ்ட் எ குட் ரூம்’ போதும். ‘ஐ சஜெஸ்டெட் ஹிம் டு கோ’ என்பதும் தப்பு. ‘ஐ சஜெஸ்டெட் தட் ஹீ கோ’ என்று சொல்ல வேண்டும். ஆனால் வாடிக்கையாளரைத் திருத்தப் போகாதீர்கள், ரூமைக் கொடுங்கள்.

தோழிக்கு ‘ஐ விஷ் யூ வில் பாஸ்’ என்று அனுப்பினேன். ஆங்கில ஆசிரியை சிரித்தார். என்ன தப்பு? (கல்லூரி மாணவி, செங்கோட்டை)

நடக்கக்கூடியதை விரும்பினால் ‘ஹோப்’: ‘ஐ ஹோப் யூ பாஸ்’. ‘விஷ்’ பக்கத்தில் முழு வாக்கியம் வந்தால் அது பெரும்பாலும் இல்லாததற்கான ஏக்கம். வினை ஒரு படி பின்னால் போகும். ‘ஐ விஷ் ஐ நியூ மலையாளம்’ என்றால் இப்போது தெரியாது, தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும். வடிவம் இறந்தகாலம், பேச்சு இன்றைக்கு. போன காரியத்துக்கு ஏங்கினால் இன்னும் ஒரு படி பின்னால்: ‘ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்’. தேர்வு முடிவு வந்த பிறகு பலருக்குத் தேவைப்படும் வாக்கியம்.

‘வுட்’ வந்தால் எரிச்சல் தொனிக்கும்: ‘ஐ விஷ் த ரெயின் வுட் ஸ்டாப்’. சாரல் காலத்தில் செங்கோட்டைக்காரர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது வேறு விஷயம். பெயர்ச்சொல் மட்டும் வந்தால் சிக்கலே இல்லை: ‘ஐ விஷ் யூ சக்சஸ்’. தோழிக்கு அதை அனுப்புங்கள்.

‘இஃப் யூ வுட் ஹேவ் சென்ட் த இ-வே பில், த லாரி வுட் ஹேவ் க்ராஸ்ட்’ என்று கம்பெனிக்கு மெயில் போட்டேன். சரிதானே? (லாரி புக்கிங் ஆபீஸ், வாளையாறு)

பின்பாதி சரி. முன்பாதியில் ‘வுட்’டை எடுத்துவிட்டு ‘இஃப் யூ ஹேட் சென்ட்’ என்று போடுங்கள். நடக்காமல் போனதைச் சொல்லும்போது ‘இஃப்’ பக்கத்தில் ‘ஹேட்’, விளைவின் பக்கத்தில் ‘வுட் ஹேவ்’. கொஞ்சம் மிடுக்காக வேண்டுமானால் ‘இஃப்’பை விட்டுவிட்டு ‘ஹேட் யூ சென்ட்’ என்றும் தொடங்கலாம். பில் அனுப்பாதவர்களுக்கு அவ்வளவு மிடுக்கு தேவையா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சார், ‘காட்’ ஒருமை. அப்படியானால் ‘காட் பிளஸஸ் யூ’ என்றுதானே வர வேண்டும்? ஏன் ‘காட் பிளஸ் யூ’ என்கிறார்கள்? (எட்டாம் வகுப்பு மாணவன், நகரி)

நல்ல கேள்வி தம்பி. ‘காட் பிளஸஸ் யூ’ என்றும் சொல்லலாம், ஆனால் அது தகவல்: கடவுள் உன்னை ஆசீர்வதிக்கிறார். ‘காட் பிளஸ் யூ’ என்பது வேண்டுதல்: ஆசீர்வதிக்கட்டும். ‘லாங் லிவ் த கிங்’ என்பதிலும் ‘லிவ்ஸ்’ இல்லை, பார்த்தாயா?

உன் தமிழ்ப் புத்தகத்தில் வியங்கோள் வினைமுற்று படித்திருப்பாய், அல்லது அடுத்து வரும். அவன் வாழ்க, அவள் வாழ்க, அவர்கள் வாழ்க, நீ வாழ்க. ஆளுக்கு ஆள் மாறுகிறதா? மாறாது. வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்று நன்னூல் சொல்கிறது. ‘வாழ்கிறான்’, ‘வாழ்கிறாள்’ என்று நடப்பதைச் சொல்லும்போதுதான் விகுதி மாறும். ஆங்கிலத்திலும் வாழ்த்து, வேண்டுதல் என்று வந்தால் ‘எஸ்’ உதிர்ந்துவிடும். ‘கம் வாட் மே’, ‘ஸோ பீ இட்’, ‘ஹெவன் ஃபர்பிட்’ எல்லாம் இந்த வகைதான், அப்படியே மனப்பாடம் செய்துகொள். புதிதாக ஒன்று நீயே செய்யப் பார்த்தால் மட்டும் சரியாக வராது, ‘டீச்சர் பிளஸ் மீ’ என்று எழுதிவிடாதே.

‘இட் இஸ் டைம்’, ‘வுட் ராதர்’, ‘லெஸ்ட்’ மூன்றும் மாதிரித் தாள்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சுருக்கமாகச் சொல்லுங்கள். (வாசகர், மீனாட்சிபுரம்)

‘இட் இஸ் டைம் யூ’ என்று ஆள் வந்தால் இறந்தகால வடிவம்: ‘இட் இஸ் டைம் யூ ஸ்டார்ட்டட்’. ஆள் வராவிட்டால் ‘இட் இஸ் டைம் டு ஸ்டார்ட்’. இங்கே ‘ஐ’ வந்தால் ‘வேர்’ இல்லை, ‘இட் இஸ் டைம் ஐ வாஸ் கோயிங்’ என்பதுதான் வழக்கம்.

‘ஐ வுட் ராதர்’ பின்னால் வேறொரு ஆள் வந்தாலும் அப்படியே: ‘ஐ வுட் ராதர் யூ கேம் டுமாரோ’. நாளைக்கு வருவதைப் பற்றித்தான் பேச்சு, வடிவம் மட்டும் இறந்தகாலம்.

‘லெஸ்ட்’ பின்னால் ‘ஷுட்’ அல்லது மொட்டை வினை: ‘ஹரி, லெஸ்ட் யூ ஷுட் மிஸ் த பஸ்’. ‘லெஸ்ட்’டுக்குள்ளேயே ‘ஆகிவிடாமல்’ என்ற எதிர்மறை இருக்கிறது, அதனால் கூடவே ‘நாட்’ போடக்கூடாது. வினாத்தாளில் ‘வில்’, ‘வுட்’, ‘ஷுட்’ மூன்றும் கொடுத்திருந்தால் ‘ஷுட்’டைத் தேர்ந்தெடுங்கள்.